மேசைக் கணிப்பொறியில் இணைய வழங்கி: சிக்கனமும் பொறுப்பும்

(அரசு அலுவலர்களும் பட்ட வகுப்பு மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பொருளின் ஆயுள் எப்போது முடிகிறது என்பது பொருளாதாரத்தில் எளிதில் விடை காண இயலாத வினாவாகும். உழைக்கும் ஆற்றலை இழந்துவிட்ட பொருளின் ஆயுள் முடிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், நன்கு உழைக்கும் நிலையில் உள்ள பொருளும், அதனைச் சார்ந்த வேறொன்று மாறிவிட்ட காரணத்தால் பயனற்றதாகிவிடுவது உண்டு. கணிப்பொறி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு அதன் தயாரிப்பாளர் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறும் வேண்டுமென விதித்திருக்கிறது. இவ்விதிகளுக்குப் பொருந்தாத கணிப்பொறிகள், விசையைத் தட்டியதும் இயங்கக்கூடியவையே ஆயினும், கழிவுப் பட்டியலில் சேரும் நிலைக்கு வந்துள்ளன.

இத்தகைய கணிப்பொறி ஒன்றில் திறமூல இயக்க முறைமையை அமைத்து, அதன்மேல் எடை குறைந்த இணைய வழங்கி ஒன்றை நிறுவினால், ஓர் அலுவலகத்துக்கோ கல்லூரித் துறைக்கோ அது பல ஆண்டுகள் பயன்படும். இதற்கு உரிமக் கட்டணம் ஏதுமில்லை. நிறுவும் வேலையும் ஒரு பிற்பகலில் முடியக் கூடியதே. ஆயினும், நிறுவுவது எளிது என்பதனால் பராமரிப்பதும் எளிது என்று கொள்ளலாகாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தே இத்தகைய முயற்சிகளில் இறங்க வேண்டும்.

வழங்கி என்பது யாது?

கேட்பவருக்குக் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுப்பதே வழங்கியின் பணி. ஒருவர் தமது உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும், அந்த வேண்டுகோள் வலையமைப்பின் வழியே வழங்கியைச் சென்றடைகிறது. வழங்கி தன் கோப்புறையில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அனுப்புகிறது. பக்கம் இல்லையெனில் 404 என்ற எண்ணுடன் இல்லை என்று விடை கூறுகிறது. அலுவலகப் பதிவறை எழுத்தர் செய்யும் வேலைக்கு இது ஒப்பானது.

வழங்கி என்றதும் குளிரூட்டப்பட்ட பெரிய கூடங்களையும், வரிசை வரிசையாய் அடுக்கப்பட்ட பொறிகளையும் பலர் எண்ணிக்கொள்கின்றனர். உலகின் முதல் இணைய வழங்கி ஒரு மேசைக் கணிப்பொறியே என்பது நினைவுகூரத் தக்கது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ் லீ தமது நெக்ஸ்ட் கணிப்பொறியிலேயே அதனை இயக்கினார். இது வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று எச்சரிக்கும் சீட்டு ஒன்று அப்பொறியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. அத்தீர்மானம் இல்லாதிருந்தால் இணையம் இவ்வளவு விரைவில் பரவியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

எடை குறைந்த வழங்கிகளின் தோற்றம்

1995-இல் வெளிவந்த அப்பாச்சி வழங்கி நெடுங்காலம் உலகெங்கும் முதலிடம் வகித்தது. தொடக்கத்தில் அது ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையை ஒதுக்கும் வகையில் அமைந்திருந்தது. இணைப்புகள் பெருகும்போது இம்முறை நினைவகத்தை மிகுதியாக விழுங்கியது. ஒரே பொறியில் பதினாயிரம் இணைப்புகளை ஒரே நேரத்தில் எவ்வாறு சமாளிப்பது என்ற சிக்கலை 1999-இல் டான் கெகல் என்ற மென்பொருள் பொறியாளர் விளக்கி எழுதினார். அதற்கு விடையாக எழுந்தவையே எடை குறைந்த வழங்கிகள். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ் 2002-இல் எழுதத் தொடங்கிய எஞ்சின்எக்ஸ் 2004-இல் வெளியிடப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த யான் க்னெஷ்கே 2003-இல் உருவாக்கியது லைட்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழங்கி.

இவற்றின் செயல்முறையை ஒரு கலியாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். இலைக்கு ஓர் ஆள் என்று நிறுத்தி வைத்துப் பரிமாறினால், நூறு இலைக்கு நூறு ஆள் வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர், விருந்தினர் உண்டு முடிக்கும் வரை கைகட்டி நிற்பர். மாறாக, அனுபவம் மிக்க ஒருவர் வாளியுடன் வரிசை நெடுகிலும் நடந்து, எந்த இலையில் சோறு குறைந்திருக்கிறதோ அங்கே மட்டும் பரிமாறிச் சென்றால், ஓரிருவரே பந்தி முழுவதையும் கவனித்துவிட முடியும். எடை குறைந்த வழங்கி இந்த இரண்டாம் முறையைப் பின்பற்றுகிறது. ஆகவேதான் அதற்குச் சிறிதளவு நினைவகமே போதுமானதாக இருக்கிறது. பின்னாளில் அப்பாச்சியும் இத்தகைய முறையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. எனவே ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. பழைய பொறிக்கும் சிறிய பணிக்கும் லைட்டி பொருத்தமானது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இயக்க முறைமையைத் தேர்தல்

திறமூல இயக்க முறைமைகளுள் லினக்ஸ் முதன்மையானது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் அதன் கருவை எழுதினார். 1993-இல் தொடங்கிய டெபியன், அதனின்றும் 2004-இல் கிளைத்த உபுண்டு ஆகியவை பரவலாக வழங்குபவை. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் பாரத இயக்க முறைமையும் டெபியனின் வழி வந்ததே. இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதி அதன் தனிச் சிறப்பு. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலின், ஒன்றில் கற்ற முறை மற்றவற்றிலும் ஏறத்தாழ அப்படியே பயன்படும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே நோக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவல் வட்டை வழங்குவதில்லை. ஆகவே 64 பிட் செயலி உள்ள பொறியையே இப்பணிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பழைய பொறிகளையும் மீட்டுவிடலாம் என்று எண்ணுவது பொருந்தாது.

நிறுவும் முறை

லினக்ஸில் மென்பொருளைத் தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. முன்னரே சரிபார்க்கப்பட்ட மென்பொருள் தொகுப்புகள் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து அவற்றைப் பெற்றுத் தரும் கருவி ஏப்ட் எனப்படும். கட்டளைகளைத் தட்டப் பழகியவர்கள் முனையத்தைத் திறந்து ஏப்ட் கருவியை நேரடியாகப் பயன்படுத்தலாம். பழகாதவர்கள் சினாப்டிக் என்ற மென்பொருள் மேலாளரைப் பயன்படுத்தலாம். எதுவாயினும் முதற்படி, களஞ்சியத்தின் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்வதாகும். அடுத்து லைட்டியின் தொகுப்பைக் குறித்து, நிறுவுமாறு பணித்தல் வேண்டும். தொகுப்பு சில மெகாபைட் அளவே. களஞ்சியத்தின் மின்னொப்பம் மெய்யானதா என்று ஏப்ட் தானே சரிபார்த்துக்கொள்கிறது. முன்பின் அறியாத தளங்களிலிருந்து நிரல்களைப் பதிவிறக்குவதைவிட இது பாதுகாப்பானது என்பதற்கு இதுவே காரணம்.

நிறுவல் முடிந்ததும் வழங்கி தானாகவே இயங்கத் தொடங்கும். அதே கணிப்பொறியில் உலாவியைத் திறந்து 127.0.0.1 என்ற எண்ணைத் தட்டினால் வரவேற்புப் பக்கம் தோன்றும். இந்த எண், எந்தக் கணிப்பொறியும் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரியாகும்.

பக்கம் தோன்றாவிடில் மனந்தளர வேண்டியதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றே. இணைய வழங்கிகள் வழக்கமாக 80 என்ற எண்ணுடைய வாயிலில் அமர்ந்து வேண்டுகோள்களைப் பெறுகின்றன. முன்னரே அப்பாச்சி நிறுவப்பட்டு அவ்வாயிலைப் பிடித்துக்கொண்டிருந்தால், லைட்டிக்கு இடம் கிடைக்காது. இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும், அல்லது லைட்டிக்கு வேறு வாயில் எண்ணைத் தர வேண்டும். பிழைகள் யாவும் 'வார்' கோப்புறையினுள் 'லாக்' என்ற இடத்திலுள்ள பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படிக்கும் பழக்கமே தேர்ந்த நிர்வாகிக்கும் ஏனையோருக்கும் உள்ள வேறுபாடு.

வழங்கப்பட வேண்டிய கோப்புகள் 'வார்' கோப்புறையினுள் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.', அதனுள் 'எச்.டி.எம்.எல்.' என்ற கோப்புறையில் வைக்கப்படுகின்றன. அமைப்பு விதிகள் 'இ.டி.சி.' கோப்புறையில் உள்ளன. விதிகளைத் திருத்தும் முன் பழைய படி ஒன்றை எடுத்து வைத்தலும், திருத்தியபின் இலக்கணப் பிழை உண்டா என்று சோதித்த பின்னரே வழங்கியை மறுபடி தொடங்குதலும் நல்ல வழக்கங்கள். வழங்கி முழு அதிகாரம் உள்ள பயனராக இயங்காமல், குறைந்த உரிமைகளே உள்ள தனிப் பயனராக இயங்குமாறு டெபியன் ஏற்பாடு செய்துள்ளது. அதனை மாற்றலாகாது. கருவூலத்தின் வாயிற்காவலரிடம் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து வைப்பதில்லை என்ற நெறியே இங்கும் செல்லும்.

அலுவலகத்துக்குள் பயன்பாடு

அலுவலகத்தின் பிற கணிப்பொறிகள் இவ்வழங்கியை அடைய, அதற்கு உள் வலையமைப்பில் நிலையான முகவரி ஒன்று வேண்டும். முகவரி நாளுக்கு நாள் மாறினால், பயன்படுத்துவோர் இரண்டாம் நாளே அதனைக் கைவிட்டுவிடுவர். தீயரண் அமைத்து, 80-ஆம் வாயிலை உள் வலையமைப்பில் உள்ளோருக்கு மட்டுமே திறந்துவிட வேண்டும்.

இதனால் விளையும் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். 2 மெகாபைட் அளவுள்ள சுற்றறிக்கை ஒன்று 30 பேருக்கு மின்னஞ்சலின் இணைப்பாகச் செல்கிறது என்று கொள்வோர், ஒவ்வொருவரும் அதனைப் பதிவிறக்கும்போது அலுவலகத்தின் இணைய இணைப்பு 60 மெகாபைட் சுமையைத் தாங்குகிறது என்பதைக் காண்பர். உள் வழங்கியில் ஒரு முறை வைத்துவிட்டால் 2 மெகாபைட்டுடன் வேலை முடிந்துவிடும். இணைய இணைப்பு அறுந்துபோன நாளிலும் படிவங்களும் கையேடுகளும் கிடைக்கும். அதைவிட முக்கியமானது, எது அண்மைய படி என்ற குழப்பம் நீங்குவது. முப்பது மேசைகளில் முப்பது படிகள் கிடப்பதற்கு மாறாக, ஓரிடத்தில் ஒரே படி இருக்கும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி, கணிப்பொறியில் ஏற்றத் தக்கவற்றை வள வசதிக்கு ஏற்ப ஏற்றி, வலையமைப்பில் இணைக்க வேண்டும் என்று பணிக்கிறது. குடிமகன் கேட்ட தாளை எடுத்துக்கொடுக்க வேண்டிய எழுத்தர், முதலில் தம் அலுவலகத்துக்குள்ளேயே அதனைக் கண்டெடுக்க இயல வேண்டும். மேசைக் கணிப்பொறியில் இயங்கும் சிறு வழங்கி, அவ்வொழுங்குக்கு ஒரு தொடக்கப் பள்ளியாக அமையும்.

எல்லை எது?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உள் வலையமைப்புக்கென அமைத்த வழங்கியைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடுதல் கூடாது. உலகெங்கிலும் இருந்து தானியங்கி நிரல்கள் திறந்த வாயில்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. புதுப்பிக்கப்படாத வழங்கி வலையில் வெளிப்பட்டால், அது தாக்கப்படுவதற்கு நெடுநாள் ஆகாது. மேலும், சாதாரண அமைப்பில் உள்ள வழங்கி செய்திகளை மறையாக்கம் செய்யாமலேயே அனுப்புகிறது. ஆகவே கடவுச்சொற்களையோ, பணியாளரின் தனிப்பட்ட விவரங்களையோ, மந்தணக் கோப்புகளையோ அதில் வைக்கலாகாது.

அரசு அலுவலகங்களின் பொது இணையதளங்களுக்குத் தனி ஏற்பாடுகள் உள்ளன. 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் அவற்றுக்கு இடமளித்து வருகிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளியிடப்பட்டன. செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கையாளரைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்துகொள்வதும் வேண்டும். இவற்றுக்கு மாற்றாக மேசைக் கணிப்பொறியை முன்வைப்பது தவறாகும்.

உரிமம் இலவசம், உழைப்பு இலவசமன்று

2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை அறிவித்தது. மென்பொருள் வாங்கும்போது திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறிய அக்கொள்கை, திறன், பாதுகாப்பு, ஆதரவுத் தேவை ஆகியவற்றுடன் வாழ்நாள் செலவையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் குறிப்பிட்டது. இந்த 'வாழ்நாள் செலவு' என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

முதலாவது மின்சாரம். பழைய மேசைக் கணிப்பொறி 60 வாட் மின்சாரம் கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகல் ஓய்வின்றி இயங்க மாதத்துக்கு 43.2 யூனிட் செலவாகும். அலுவலக நேரத்தில் மட்டும், நாளுக்கு 9 மணி வீதம் 22 நாட்கள் இயங்கினால் ஏறத்தாழ 12 யூனிட் போதும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கப் பொறி 5 வாட் அளவில் இயங்குமாயின், முழு மாதத்துக்கும் 3.6 யூனிட்டே ஆகும். அதன் இயக்க முறைமையும் டெபியன் வழி வந்ததே. பழைய பொறியைப் பயன்படுத்துவது எப்போதும் சிக்கனமே என்ற முடிவுக்கு வருமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, புதுப்பித்தல். டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. அவை கிடைத்தால் மட்டும் போதாது. வாரந்தோறும் அவற்றை எடுத்து ஏற்றுவதற்கு ஒருவர் வேண்டும். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற்றுவதற்கும் ஒருவர் வேண்டும். ஆவணங்களின் காப்புப் படியை வேறொரு வட்டில் எடுத்து வைப்பதற்கும் அவரே வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதுமான செலவு, அந்த ஒருவரே. அலுவலகங்களில் ஆர்வம் மிக்க இளைஞர் ஒருவர் வழங்கியை நிறுவுகிறார். ஓராண்டு எல்லாம் செம்மையாக நடக்கிறது. பின்னர் அவருக்கு இடமாறுதல் வருகிறது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. எந்தக் கோப்பில் எந்த விதி மாற்றப்பட்டது என்பதற்குக் குறிப்பு இல்லை. நின்றுவிட்டால் எழுப்புவார் இல்லை. நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பின் அது இன்னும் ஆபத்து. ஏனெனில், புதுப்பிக்கப்படாமலேயே அது ஓடுகிறது. இக்கேட்டுக்கு மென்பொருள் காரணமன்று. பொறுப்பு ஒரு பதவியுடன் சேராமல் ஒரு மனிதருடன் சேர்ந்திருந்ததே காரணமாகும்.

இதனைத் தவிர்க்கும் வழி அரசு அலுவலகங்களுக்குப் புதியதன்று. பணப்பெட்டிச் சாவிக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் உள்ள ஒப்படைப்பு முறையே வழங்கிக்கும் பொருந்தும். பொறியின் முகவரி, நிறுவப்பட்ட நாள், பதிப்பு, செய்த மாற்றங்கள், காப்புப் படி உள்ள இடம், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பொறுப்பு மாறும்போது கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் அலுவலகத் தலைவரிடம் வைக்கலாம். ஒருவர் அல்லர், இருவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

கேரளம் காட்டிய பாதை

பயிற்சிக்குச் செலவிட்டால் விளையும் பயனைக் கேரளப் பள்ளிகளில் காணலாம். 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர் பள்ளிகளில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறைமையைக் கொண்டுவந்தது. 2017-இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக உருப்பெற்றது. இலவச மென்பொருளை வட்டில் பதிந்து பள்ளிகளுக்கு அனுப்புவதோடு அங்குப் பணி நின்றுவிடவில்லை. ஆசிரியர்களுக்கே தொடர்ந்து பயிற்சி அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணத்தில் மிஞ்சியது பணம் மட்டுமன்று. கற்பிப்போரின் கைத்திறனும் ஆகும் என்பதே அம்முயற்சி உணர்த்தும் பாடம்.

மாணவர்களுக்கு இதில் தனிப் பயன் உண்டு. மூடிய மென்பொருளைப் பயன்படுத்துவோர் விசைகளைத் தட்டக் கற்கின்றனர். திறமூல வழங்கியை நிறுவுவோர், வேண்டுகோள் எங்கே போகிறது, யார் விடை தருகிறார், எங்கே பிழை நேர்கிறது என்பவற்றை நேரில் காண்கின்றனர். கல்லூரித் துறையொன்றின் பழைய கணிப்பொறியில் கற்ற இதே முறை, பெரிய தரவு மையங்களிலும் மாறுவதில்லை. அங்கு இயங்கும் வழங்கிகளிலும் பெரும்பாலானவை லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நாட்டில் உள்ள அலுவலகங்களில் கழிவுக்கெனக் குறிக்கப்படும் கணிப்பொறிகளுள் ஒரு பகுதியை இவ்வாறு மீட்கலாம். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நிலையில், பொருளின் ஆயுளை நீட்டுவதும் கழிவைக் குறைக்கும் வழியே. ஆனால் எந்த அலுவலகமும் இதனைத் தொடங்கும் முன், நிறுவுபவர் யார் என்று கேட்பதோடு, அடுத்த ஆண்டு இதனைப் புதுப்பிப்பவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடையாக ஒரு பதவியின் பெயர் பதிவேட்டில் எழுதப்படுமாயின் வழங்கியை நிறுவலாம். எழுதப்படும் வரை, அப்பொறியைப் பயிற்சிக் கூடத்திலேயே வைத்திருப்பது நலம்.